எடை மெஷின் பக்கத்தில் நிற்கும் சிஸ்டருக்கு

அன்புள்ள சிஸ்டர்,

வணக்கம். வேலூரில் உங்களிடம் டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்த நெசவுக்கார ஐயாவின் மகள், குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட்டால் உங்களுக்குப் பிடிக்காது, அதனால் போடவில்லை. ஆனால் நீங்கள் செய்கிற வேலையை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதியே ஆக வேண்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் பொய் சொல்வார்கள். குறையாகச் சொல்லவில்லை. சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலில், சிறுநீர் அநேகமாக நின்றேபோன ஒரு மனுஷனிடம், கஞ்சி, ரசம், காபி எல்லாம் சேர்த்தே ஒரு நாளைக்கு அரை, முக்கால் லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறோம். அவர் பக்கத்தில் ஓடுகிற மெஷினுக்கு நாலு மணி நேரத்தில் சுமார் 120 லிட்டர் தண்ணீர் வேண்டும். அவருக்கு ஒரு சொம்பு கிடையாது. நடுராத்திரி எழுந்து பானையில் மொண்டு குடித்துவிட்டு, காலையில் இல்லையே என்று சாதிக்காமல் என்ன செய்வார்?

ஆனால் குடித்த தண்ணீர் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கி, எடையில் தெரிந்துவிடும். அப்பா முதலில் போய்க்கொண்டிருந்த இடத்தில் எடை பார்க்கும்போதே திட்டு விழும். "மூணு கிலோ ஏத்திக்கினு வந்துருக்கீங்க, ஏதாவது ஆனா எங்களக் கேக்காதீங்க" என்பார்கள், எல்லார் முன்னாலும். அறுபதைத் தாண்டிய மனுஷன் தலையைக் குனிந்து நிற்பார். அதனால் அவர் தண்ணீரைக் குறைக்கவில்லை, பேச்சைக் குறைத்துக்கொண்டார். எடை கூடிய நாளில் வயிறு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடப் பார்த்தார்.

உங்களிடமும் முதல் தடவை மூன்று கிலோ கூடித்தான் வந்தார். நீங்கள் எழுதிக்கொண்டே, "ரொம்ப தாகமாப்பா? ராத்திரியா, பகல்லயா?" என்று கேட்டீர்கள். அப்பா கொஞ்சம் யோசித்து, "பகல்லதாம்மா. தறியில உக்காந்தா தாங்கல" என்றார். "காலையில பழையதுக்கு இன்னா தொட்டுக்கினீங்க?" "மாங்கா ஊறுகா." "அப்ப தண்ணிய அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல ஊறுகா, அப்பளம், கருவாடு மூணையும் விடுங்க. உப்பு கொறஞ்சா தாகம் தானா கொறையும்." ஒரு நாளைக்கான தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்ளவும், சின்ன டம்ளரில் குடிக்கவும் சொல்லிக்கொடுத்தீர்கள். அடுத்த வாரம் எடையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அப்பா, "நேத்து ரெண்டு டம்ளர் கூடிப்போச்சும்மா" என்றார். அவர் வாயால் அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

அந்தப் பழக்கம்தான் பிறகு அவர் உயிரைக் காப்பாற்றியது. உடம்பு முடியாதவரைப் பார்க்க வருகிறவர்கள் நம் ஊரில் இளநீரும் சாத்துக்குடியும்தான் வாங்கி வருவார்கள். இவர்களுக்கு அதுவே ஆபத்து. அதிலிருக்கிற பொட்டாசியம் என்ற உப்பைச் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது, ரத்தத்திலேயே ஏறிவிடும். "வர்றவங்கள ஆப்பிள் வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தீர்கள். காய்களை நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடவும் அம்மா பழகிவிட்டாள். மாம்பழ சீசனில்தான் எல்லாம் நழுவியது. ஒரு திங்கட்கிழமை படியேறும்போது அப்பாவுக்குக் கால் வரவில்லை. நீங்கள் கேட்டதும் சொல்லிவிட்டார்: "ரெண்டு மாம்பழம்மா. பேத்தி ஊட்டுனா, வேணாம்னு சொல்ல மனசு வரல." நீங்கள் முகம் சுளிக்கவில்லை. டாக்டரைக் கூப்பிட்டு, ஈசிஜி எடுக்க வைத்து, முறை பார்க்காமல் முதல் மெஷினில் ஏற்றினீர்கள். பொட்டாசியம் ஏறினால் நெஞ்சு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் என்று டாக்டர் பிறகுதான் எங்களிடம் சொன்னார். திட்டுக்குப் பயந்து அப்பா வாயை மூடியிருந்தால், வெளியே பெஞ்சில் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்திருப்பார்.

உங்களை அன்பான சிஸ்டர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மைதான், ஆனால் அந்த அன்புக்குள் எவ்வளவு படிப்பும் கவனிப்பும் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. ஒரு நாள் மூன்றாவது மணி நேரத்தில் அப்பா கொட்டாவி விட்டார். தூக்கம் வருகிறது போல என்று நான் இருந்தேன். அடுத்த கொட்டாவிக்குள் நாலு கட்டில் தள்ளியிருந்த நீங்கள் வந்து நெற்றியில் புறங்கையை வைத்தீர்கள். வேர்த்திருந்தது. தலைப்பக்கம் தாழ்த்தி, கால்பக்கம் உயர்த்தி, நீர் இழுப்பதை நிறுத்தி, சலைனைத் திறந்துவிட்டு, அப்புறம்தான் பிபி பார்த்தீர்கள். 80. மெஷின் அப்போதும் சத்தம் போடவில்லை.

1909-ல் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் நர்ஸ்களுக்குப் பள்ளி தொடங்கிய ஊர் வேலூர். 1971-ல் நாட்டிலேயே முதன்முதலாகச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வெற்றியாக நடந்ததும் அங்கேதான். அந்தப் பெருமையைப் பேசும்போது, அந்த ஊரில் இன்றைக்குக் கட்டில் கட்டிலாக நடந்து, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் ஃபிஸ்டுலா மேல் விரல் வைத்து அதிர்வு பார்க்கிறவர்களையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் எண்ணம். எத்தனை பேருக்கு ஒரு நர்ஸ் என்பதையும் பேச வேண்டும். நீங்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியிருக்கிறது.

நீங்களும் எங்களிடம் பொய் சொன்னதில்லை. மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கி வந்துபோன அந்த வங்காளித் தாத்தாவின் கட்டிலில் ஒரு நாள் வேறு ஆள் இருந்தார். உங்களுக்குத் தெரிந்த அரைகுறை வங்காளியில் தினமும் தண்ணீர்க் கணக்குக் கேட்பீர்களே, அவர்தான். அப்பா கேட்டதும், ஊருக்குப் போய்விட்டார் என்று மழுப்பாமல், "தவறிட்டாருப்பா, சனிக்கிழமை" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "எனக்கும் அப்படித்தானா?" என்றார் அப்பா. "எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல. நீங்க ஒழுங்கா வர்றீங்க, உள்ளத மறைக்காம சொல்றீங்க. மீதியச் சேந்து பாத்துக்கலாம்" என்றீர்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

இப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்துவிட்டது. கே.வி.குப்பம், காட்பாடி, பாலாற்றுப் பாலம் என்று விடியற்காலையில் பஸ் ஏறி, 30 கிலோமீட்டருக்கு மேல் அவரைக் கூட்டிக்கொண்டு வரும் அலைச்சல் இனி இல்லை. உங்களைப் பார்க்க முடியாது என்பது ஒன்றுதான் அவருக்கு வருத்தம். புது இடத்தில் நர்ஸ் சின்னப் பெண், கொஞ்சம் படபடப்பு. முதல் நாள் எடை மெஷினில் ஏறியதுமே அப்பா அவளிடம், "ரெண்டரை கிலோ இருக்கும்மா, நேத்து ஒரு கல்யாணம். மூணாவது மணியில எனக்கு பிபி எறங்கும், நான் கொட்டாவி விட்டா ஓடியா" என்றார். அவள் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள்.

அன்புடன்,
நெசவுக்கார ஐயாவின் மகள்
குடியாத்தம்