செடி அலமாரிக்கு முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்குள் செடி அலமாரி அமைப்பது பற்றித் தங்கள் வார இணைப்பில் வெளிவந்த கட்டுரையையும் அதனுடன் இருந்த படங்களையும் ஆர்வத்தோடு பார்த்தேன். தொட்டிகளின் நிறம், தட்டுகளின் அமைப்பு, கொடிகளைத் தொங்கவிடும் விதம் ஆகியவை பற்றி அதில் நல்ல குறிப்புகள் இருந்தன. ஆனால் அந்தச் செடிகள் எந்த வெளிச்சத்தில் வாழப்போகின்றன என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படங்களில் இருந்த அலமாரிகளில் இரண்டு, சன்னலே கண்ணில் படாத உட்சுவரில் பொருத்தப்பட்டிருந்தன. இதைப் பின்பற்றி அலமாரி செய்யப்போகும் வாசகர்களை நினைத்தே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். இரண்டு அறைகளுக்கு இடையே இருந்த நடைவழிச் சுவர் வெறுமையாகத் தெரிந்ததால் அங்கே மூன்று தட்டுகள் அடித்து, பதினோரு செடிகளை வைத்தேன். முதல் மாதம் முழுவதும் அவை வாங்கி வந்த நாளில் இருந்தது போலவே பசுமையாக நின்றன. இரண்டாம் மாதம் அடியிலைகள் மஞ்சளாயின; தண்டுகள் மெலிந்து நீண்டன. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றினேன். அதனால் வேர்கள் அழுகின. நான்காம் மாதம் முடிந்தபோது பாம்புச் செடியும் இசட் இசட் பிளான்டும் மட்டுமே மிஞ்சியிருந்தன.

குறைந்த வெளிச்சத்தில் செடி உடனே இறப்பதில்லை என்பதே இதில் நம்மை ஏமாற்றுவது. ஒளிச்சேர்க்கையால் ஒரு செடி தயாரிக்கும் உணவு, அது சுவாசிப்பதற்குச் செலவழிக்கும் உணவைவிடக் குறைவாக இருக்கும்போது, வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்திருப்பதை எடுத்துத்தான் அது நாளைக் கடத்துகிறது. அந்தச் சேமிப்பு தீரும் வரை அதன் தோற்றத்தில் பெரிய மாற்றம் தெரியாது. அலமாரியைப் படம் எடுப்பவர் அடுக்கி முடித்த அன்றே எடுத்துவிடுகிறார். அந்த இடம் செடிக்கு ஏற்றதா என்பதோ பல வாரங்கள் கழித்துத்தான் தெரியவருகிறது.

நம் கண்ணும் இதற்குத் துணைபோகிறது. மங்கலான அறைக்குள் நுழைந்த சில நொடிகளில் கண் அதற்குப் பழகிவிடுவதால், எல்லா அறைகளும் ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. அளந்து பார்த்தால் நிலைமை வேறு. ஒளியின் அளவைக் குறிக்கும் லக்ஸ் என்னும் அலகில், நண்பகல் நேர்வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். வெட்டவெளியில் கிடைக்கும் நிழல்கூடப் பத்தாயிரத்தைத் தாண்டும். இரவில் விளக்கேற்றிய கூடத்தில் கிடைப்பதோ பெரும்பாலும் 100 முதல் 300 லக்ஸ் மட்டுமே. பகலில்கூட, சன்னலை விட்டு இரண்டு மீட்டர் உள்ளே நகர்ந்தால், சன்னலோரத்தில் இருந்த ஒளியில் ஒரு சிறு பங்குதான் மிஞ்சும். கருவி இல்லாதவர்கள் பகல் வேளையில் அலமாரி வரப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, அதற்கு ஓரடி மேலே கையை நீட்டிப் பார்க்கலாம். விரல்களின் நிழல் விளிம்பு தெளிந்து விழுந்தால் அங்கே நல்ல வெளிச்சம் இருக்கிறது. நிழல் கலங்கலாக இருந்தால் மணி பிளான்ட், பீஸ் லில்லி போன்றவை தேறும். நிழலே விழாத இடத்தில் விளக்கில்லாமல் எந்தச் செடியையும் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வெள்ளையும் பச்சையும் கலந்த இலைகளை விரும்புவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லாததால் அத்தகைய செடிக்கு முழுப்பச்சைச் செடியைவிடக் கூடுதல் ஒளி வேண்டும்.

உட்சுவர்தான் வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு தட்டின் அடிப்புறத்திலும் முன்விளிம்பை ஒட்டி வெள்ளை எல்.ஈ.டி. பட்டைவிளக்கைப் பொருத்தி, இலைகளுக்கு மேலே 20 முதல் 30 செ.மீ. உயரத்தில் அது இருக்குமாறு செய்து, டைமர் வைத்து நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டால் இலைச்செடிகள் நன்றாகவே வளர்கின்றன. செடிகளுக்கென்றே விற்கப்படும் ஊதா நிற விளக்குதான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஆனால் மின்கம்பிகளும் பிளக்குகளும் தண்ணீர் சொட்டக்கூடிய இடத்துக்குக் கீழே ஒருபோதும் இருக்கக்கூடாது. தங்கள் கட்டுரையின் ஒரு படத்தில் தொட்டி வரிசைக்கு நேர்கீழே பிளக் பாயின்ட் இருந்ததைக் கண்டபோது உண்மையிலேயே அச்சமாக இருந்தது.

அடுத்தது எடை. பலகை வாங்கும்போது நாம் காய்ந்த தொட்டியை மனத்தில் வைத்துக் கணக்கிடுகிறோம். 20 செ.மீ. வாயுள்ள ஒரு சுடுமண் தொட்டி, தண்ணீர் ஊற்றிய பின் எளிதில் ஆறேழு கிலோ இருக்கும். அத்தகைய ஆறு தொட்டிகளை ஒரே தட்டில் வைத்தால் நாற்பது கிலோவை நெருங்கிவிடும். அந்தச் சுமை ஒரு நாளும் இறங்குவதில்லை. தொட்டிகளை முழு நீளத்துக்கும் நெருக்கமாக அடுக்கும்போது, தாங்கிகளுக்கு இடையே உள்ள தூரம் இரட்டிப்பானால் பலகையின் தொய்வு பதினாறு மடங்காகிறது; பலகையின் தடிமன் இரட்டிப்பானால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறைகிறது. அகலமான பலகையைத் தேடுவதைவிடத் தாங்கிகளை நெருக்கி அடிப்பதும் தடித்த பலகையை எடுப்பதும்தான் பயன் தரும். மரத்தூளை ஒட்டிச் செய்யும் பார்ட்டிக்கிள் போர்டு ஈரம் பட்டால் உப்பிவிடும். அதில் இறக்கிய ஸ்குருக்களும் பிடி இழக்கும். என் இரண்டாவது அலமாரி இந்தக் காரணத்தால்தான் ஒரு நள்ளிரவில் சரிந்து விழுந்தது. கீழே யாரும் இல்லாமல் போனதை இன்றும் ஆறுதலோடு நினைத்துக்கொள்கிறேன். நீர்தாங்கும் பிளைவுட், நன்றாக வார்னிஷ் பூசிய கட்டைமரம், வண்ணம் பூசிய இரும்புச் சட்டம் ஆகியவை தக்கவை. எடையைக் குறைக்க விரும்புவோர் தோட்டமண்ணின் பங்கைக் குறைத்துத் தென்னை நார்க்கழிவைக் கூட்டலாம்.

தொட்டியின் அடியில் துளையும் அதன்கீழ் நீர் தாங்கும் தட்டும் இருக்க வேண்டும். துளையில்லாத அழகுத் தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் போதும் என்று கட்டுரை கூறுகிறது, அது சரியன்று. நுண்ணிய மண்ணில் நிற்கும் நீர் அதன்கீழ் உள்ள பெரிய கல் இடைவெளிகளுக்குள் எளிதில் இறங்குவதில்லை. அதனால் நீர் தேங்கும் மட்டம் மேலே ஏறி வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. அழகுத் தொட்டி வேண்டுமென்றால் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வளர்த்து, அதை உள்ளே இறக்கி வைப்பதே நல்லது.

இவற்றை எல்லாம் சொல்வதால் எனக்கு அழகில் அக்கறை இல்லை என்று தாங்கள் கருதிவிடக்கூடாது. வெளிச்சத்துக்கு ஏற்ப அடுக்கினாலே பெரும்பாலும் அழகும் உடன் வந்துவிடுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் அகலத் தட்டுகளில் மேல்தட்டின் நிழல் கீழ்த்தட்டில் விழும். படிக்கட்டு வடிவ அலமாரியைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்தால் எல்லாப் படிகளுக்கும் ஒளி கிடைக்கும், எல்லாச் செடிகளும் கண்ணுக்கும் தெரியும். வாள்போல் நிமிர்ந்த பாம்புச் செடியின் பக்கத்தில் விரிந்து கவியும் பெரணியும், மேற்படியிலிருந்து வழியும் மணி பிளான்டும் இருக்கும்போது ஒவ்வோர் இலையின் வடிவமும் மற்றதை எடுத்துக்காட்டுகிறது. தொட்டிகள் இரண்டு நிறங்களுக்கு மிகாமல் இருந்தால் பார்வை இலைகளின் மேல் நிற்கும். பின்சுவர் வெள்ளையாக இருப்பது ஒளியையும் திருப்பி அனுப்பும். ஒவ்வொரு தட்டிலும் மூன்றில் ஒரு பங்கையாவது காலியாக விடும்படி கேட்டுக்கொள்கிறேன்: இலை விரிய இடம் வேண்டும், தண்ணீர் ஊற்றும் கை உள்ளே போக வேண்டும், மாவுப்பூச்சி ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதும் குறையும். வாரம் ஒரு முறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வைக்க வேண்டும். நிழல்பட்ட பக்கத்தில் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் கூடுதலாகச் சேர்ந்து அப்பக்கத் தண்டு நீள்வதால்தான் செடி சன்னலை நோக்கிச் சாய்கிறது.

குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் உள்ள வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கையையும் தாங்கள் வெளியிட வேண்டும். மணி பிளான்ட், பீஸ் லில்லி, டிஃபன்பாக்கியா ஆகியவற்றில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால், அவற்றைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். உயரத் தட்டில் வைத்துவிட்டோம் என்று இருந்தாலும் தொங்கும் கொடி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது.

பத்துச் செடிகள் வைத்தால் வீட்டுக்காற்று தூய்மையாகும் என்று கட்டுரையில் உள்ள வரியையும் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். இந்தக் கருத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும், 1989இல் நாசா வெளியிட்ட ஆய்வு மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடத்தப்பட்டது. பின்னர் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கட்டடத்துக்குள் இயல்பாகக் காற்று வந்துபோவதால் கிடைக்கும் தூய்மைக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று 2019இல் கணித்தார்கள். செடி வளர்க்க நமக்கு அந்தக் காரணம் தேவையில்லை. தினமும் காலையில் ஒரு புதுத் தளிரைப் பார்ப்பதே போதும்.

இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது, அலமாரி சன்னலிலிருந்து எத்தனை அடி தொலைவில் இருக்கிறது, விளக்கு பொருத்தப்பட்டுள்ளதா என்ற இரண்டு விவரங்களைப் படத்தின் கீழே அச்சிடுமாறு வேண்டுகிறேன். முடிந்தால் அதே அலமாரியை ஆறு மாதம் கழித்து மீண்டும் படம் எடுத்து, இரண்டு படங்களையும் அருகருகே வெளியிடுங்கள். அவ்வாறு ஒரு பக்கம் வெளிவருமானால், சன்னலோரத்தில் இப்போது மூன்றாவது ஆண்டாக நிற்கும் என் அலமாரியின் படங்களை, தொடக்கத்தில் எடுத்தவற்றையும் சேர்த்து, அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்