கான்கிரீட் வெட்டும் இடங்களில் சிலிக்கா தூசியைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கான்கிரீட் வெட்டும், துளையிடும், உடைக்கும் தொழிலாளர்கள்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தொழிலாளர் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை

பொருள்: தண்ணீரோ தூசி உறிஞ்சும் கருவியோ இல்லாமல் கான்கிரீட் வெட்டுவதைத் தடை செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

தளத்தில் ஓப்பனிங் எடுப்பது, பைப்புக்காகச் சுவரில் காடி வெட்டுவது, பழைய தூணை உடைப்பது எல்லாம் எங்கள் வேலை. மெஷின் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் முகமே மறையும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத தூசிதான் ஆளைக் கெடுக்கிறது. கான்கிரீட்டின் மணலிலும் ஜல்லியிலும் உள்ள குவார்ட்ஸ் என்ற சிலிக்கா கனிமத்தை பிளேடு அரைக்கும்போது, சில மைக்ரான் அளவே உள்ள சிலிக்கா துகள்கள் நுரையீரலின் அடிவரை போய்விடுகின்றன. அங்கே விழும் தழும்பு ஆறாது. இப்படி வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் அது முற்றலாம். காசநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-லேயே இந்தத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதியான பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

பெரும்பாலும் இந்த நோய் வெளியே தெரிய 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் எத்தனையோ சைட், எத்தனையோ கான்ட்ராக்டர் மாறியிருப்போம். எந்த சைட் தூசி இது என்று அப்போது யாரிடம் போய்க் கேட்பது? அதனால்தான் நஷ்டஈட்டைப் பற்றிப் பேசாமல், தூசி கிளம்பும் இடத்திலேயே அதை நிறுத்தச் சொல்கிறோம்.

"மாஸ்க் கொடுத்துவிட்டோமே" என்பார்கள். முகத்தில் கட்டும் துணி இந்தத் துகளைத் தடுக்காது. என்95 மாஸ்க்கும் முகத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டினால்தான் பயன். தாடி இருந்தாலே காற்று ஓரமாகப் புகுந்துவிடும். சரி, வெட்டுபவர் ஒழுங்காக அணிந்தார் என்றே வைத்துக்கொள்வோம். அதே தளத்தில் வயர் இழுப்பவரும், கூட்டிப் பெருக்குபவரும் என்ன செய்வார்கள்?

பிளேடில் தண்ணீர் விழுந்தால் தூசியின் பெரும்பகுதி சேறாகிக் கீழே போய்விடும். கையில் பிடித்து வெட்டும் பெரிய கட்டிங் மெஷினுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் போதும். மின்சார மெஷினில் ஷாக் அபாயம் உண்டு என்பது உண்மைதான்; அதற்காகத் தண்ணீர் வசதியோடு தயாரித்த மெஷினும், கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் வேண்டும். தண்ணீர் விட முடியாத இடத்தில், பிளேடை மூடும் கவசமும், நுண்துகளையும் பிடிக்கும் ஹெபா ஃபில்டர் உள்ள வேக்குவமும் வேண்டும். சேறு காய்ந்தால் மறுபடி தூசிதான் என்பதால், ஈரமாக இருக்கும்போதே அள்ள வேண்டும். உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்குவதையும் கம்ப்ரசர் காற்றால் ஊதுவதையும் அடியோடு நிறுத்த வேண்டும்.

அமெரிக்காவில் 2016-இல் வந்த விதி, 8 மணி நேர சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம் சிலிக்கா என்று வரம்பு வைத்தது. எந்த மெஷினுக்கு என்ன தடுப்பு என்ற அட்டவணையும் அதில் உண்டு. அதை முழுமையாகப் பின்பற்றும் கான்ட்ராக்டர் காற்றை அளக்க வேண்டியதில்லை. சிறிய சைட்டுக்கு இதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அதுபோன்ற ஓர் அட்டவணையைத் தாங்கள் வெளியிட வேண்டும்.

தூசித் தடுப்புக்கான செலவை டெண்டர் மதிப்பீட்டில் தனி இனமாகச் சேர்க்கவும் உத்தரவிட வேண்டும். குறைந்த ரேட்டுக்கு வேலை எடுத்தவர் முதலில் குறைப்பது இதைத்தான். தண்ணீரோ தூசி உறிஞ்சும் கருவியோ இல்லாமல் வெட்டும் சைட்டில் வேலையை அங்கேயே நிறுத்தும் அதிகாரம் ஆய்வாளருக்கு வேண்டும்.

வேலையில் சேரும்போதும் அதன்பின் குறிப்பிட்ட இடைவெளியிலும் மார்பு எக்ஸ்ரேயும் நுரையீரல் திறன் பரிசோதனையும் முதலாளி செலவில் நடக்க வேண்டும். அறிக்கையின் நகல் தொழிலாளி கையில் இருக்க வேண்டும். அந்த முடிவைக் காட்டி யாரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது.

இம்மனு மீது எடுக்கும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கான்கிரீட் வெட்டும் தொழிலாளர்கள்