விசா முடிகிற நேரத்தில் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள உறவுகளுக்கு,

இதை 2023இலேயே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்காரும்போதெல்லாம் கண் கலங்கி எழுந்து போய்விடுவேன்.

2012இல் படகில் வந்து அவுஸ்திரேலியாவின் கிறிஸ்மஸ் தீவில் இறங்கியவன் நான். 2017இல்தான் ‘ஷெவ்’ என்று நாங்கள் சொல்லும் ஐந்து வருடப் பாதுகாப்பு விசா கிடைத்தது. வேலை செய்யலாம், மெடிகேர் என்ற அரச மருத்துவ உதவியும் இருந்தது. மனைவியையும் மகளையும் கூப்பிட முடியவில்லை. ஐந்து வருடம் முடிவதற்குள் மறுபடியும் விண்ணப்பித்து, ஊருக்குத் திரும்ப ஏன் பயம் என்பதைத் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தக் கேள்விகளைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் அப்படியே முடங்கிக் கிடந்தேன். நான் இருந்த ஷெப்பர்ட்டன் ஊரில் பக்கத்து வீட்டு அண்ணாதான், “எழும்பு, போவம்” என்றார். இரவு வேலை முடித்து வந்த மனிதர், கண் மூடாமல் 180 கிலோமீட்டர் ஓட்டி என்னை மெல்பேர்ணில் உள்ள இலவச சட்ட உதவி நிலையத்துக்குக் கூட்டிப்போனார். பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை.

அங்கிருந்த சட்டத்தரணி அம்மா மூன்று சனிக்கிழமைகள் எனக்காக ஒதுக்கினார். என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் வந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. பேனையை வைத்துவிட்டு, நான் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை பேசாமல் பக்கத்தில் இருந்தார். தொலைபேசியில் மொழிபெயர்த்த அக்கா, உங்கள் முகம் எனக்குத் தெரியாது. குரல் தழுதழுத்தபோதும் நான் சொன்னதில் ஒரு சொல்லையும் நீங்கள் விடவில்லை.

அப்புறம் இன்னொரு இடி. விசாக் கடிதத்தில் இருந்த திகதி கடந்ததும் வேலைத்தலத்தில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். விசா முடிவதற்கு முன்பே மறுபடி விண்ணப்பித்தவருக்கு, முடிவு வரும்வரை பழைய விசாவும் வேலை உரிமையும் தொடரும். அது அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மா அன்றைக்கே கடிதம் எழுதி அனுப்பினார். ஒன்பதாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். அந்த ஒன்பது நாளும் என் வீட்டு வாசலுக்குச் சோறு கொண்டுவந்த கோயில் பெண்களை எப்படி மறப்பேன்?

2023 பெப்ரவரியில், எங்களைப் போன்ற தற்காலிக விசாக்காரருக்கு நிரந்தர விசா என்று அரசு அறிவித்தது. எனக்கும் கிடைத்துவிட்டது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, தற்காலிகமாகத் தங்க மட்டும் விடும் பிரிட்ஜிங் விசாவில் இன்னும் காத்திருப்பவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. என்னோடு அதே படகில் வந்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். எனக்குச் செய்ததை அவர்களுக்கும் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று தெரியும். அதற்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

இப்போது என்னிடம் கார் இருக்கிறது. மெல்பேர்ணுக்குப் போக வேண்டியவர்கள் எந்த நேரமும் வந்து கதவைத் தட்டுங்கள்.

உங்கள் சகோதரன்