வில்லாபுரத்து மாடியில் வாத்து பறக்க வைத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

மே மாதம் முழுக்க எங்கள் மாடி அறையில் பழைய டிவி கேம்களை வரிசையாக வைத்து, தெருப்பிள்ளைகளைக் காசு வாங்காமல் விளையாட விட்டோம். ஏறி வந்து பார்த்த பெரியவர்கள் என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். இதில் என் பங்கு மாடிக் கதவைத் திறந்துவிட்டது மட்டும்தான். மிச்சமெல்லாம் உங்கள் வேலை. பெயர் போடாதே என்று பாதிப் பேர் சொல்லிவிட்டதால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி செல்லூர் டிவி மெக்கானிக் அண்ணனுக்கு. 90களில் அப்பா நடத்திய கேம் கடையின் பெட்டிகள் இத்தனை வருஷமாகப் பரணில் கிடந்தன. எல்லாமே ஜப்பானில் 1983இல் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டியைப் பார்த்து வேறு யார் யாரோ செய்த நகல்கள். எங்கள் தெருவில் ஒரிஜினலைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. அண்ணன் முதல் பெட்டியின் ஸ்க்ரூவைக் கழற்றியதும், போர்டின் நடுவில் உறைந்து கிடந்த கறுப்புப் பசையைக் காட்டினார். சிப்பு மொத்தமும் அதற்கு அடியில்தான் இருக்கிறது. "தம்பி, இந்தக் கறுப்புப் பொட்டு போயிருந்தா பொட்டி குப்பைக்குத்தான். மத்தது எதுவா இருந்தாலும் பாத்துக்கலாம்" என்றார்.

அந்த 'மத்தது' சின்னப் பட்டியல் இல்லை. காய்ந்துபோன கண்டன்சர்கள், கேம் கேசட் செருகும் இடத்தில் டிரை சால்டர் (ஈயப் பற்று விட்டுப்போனது), வோல்டேஜ் தாறுமாறாகக் கொடுக்கும் அடாப்டர், டிவி ஒயர் செருகும் இடத்தில் துருப்பிடித்த ஆர்.எஃப். பின். ஒரு பெட்டியில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. பவர் பக்கத்தில் இருந்த பெரிய கண்டன்சரை மாற்றியதும் கோடு நின்றது. கழற்றியதை என் உள்ளங்கையில் வைத்து, அதன் தலை உப்பியிருப்பதை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். கூலி என்று பேச்செடுத்தபோதெல்லாம் ஈயம் வாங்கி வா என்று கடைக்கு விரட்டிவிட்டார்.

அடுத்து கீழவாசல் பழைய இரும்புக்கடை பாய். குண்டு டிவி எதற்கு, வீட்டில் எல்.இ.டி. இல்லையா என்று நிறையப் பேர் கேட்டீர்கள். மற்ற கேமுக்கு எல்.இ.டி. போதும், வாத்து சுடும் கேமுக்கு ஆகாது. துப்பாக்கியிலிருந்து எதுவும் டிவிக்குப் போவதில்லை. அதன் குழலுக்குள் வெளிச்சத்தை உணரும் சின்ன சென்சார் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். அந்த வெள்ளையைத் துப்பாக்கி பார்த்துவிட்டால் வாத்து விழும். நம் ஊர் டிவியில் நொடிக்கு 50 முறை படம் மாறுகிறது. அதில் ஒன்றிரண்டு படத்துக்குள் இந்த வேலை முடிய வேண்டும். எல்.இ.டி. டிவி படத்தை வாங்கி, யோசித்து, பிறகு காட்டுகிறது. அதற்குள் வாத்து தப்பித்துவிடும்.

குண்டு டிவியோ இப்போது இரும்புக்கடையில்தான் கிடைக்கிறது. அங்கேயும் உடைத்துக் காயிலில் இருக்கும் செம்பை உருவிவிடுவார்கள். பாய் மட்டும் எங்களுக்காக உடைக்காமல் எடுத்து வைத்தார். "பிள்ளைகளுக்குன்னு கேக்குறீங்க, தூக்கிட்டுப் போங்க தம்பி. ஓடலைன்னா திருப்பிக் கொண்டாங்க, அப்ப உடைச்சுக்கிறேன்" என்றார். ஓடாதவற்றை அண்ணன் ஓட வைத்துவிட்டதால் பாய்க்குச் செம்பு நஷ்டம். சொந்த டிவியைக் கொடுத்த அனுப்பானடி அக்காவுக்கும் நன்றி. அதன் மேல் போட்டிருந்த பூவேலை உறையைக்கூடத் துவைத்துக் கொடுத்தார்.

கேசட்டுகள் தனிக்கதை. வேலை செய்யவில்லை என்றால் பூ பூ என்று ஊதி வளர்ந்த கூட்டம் நாம். ஊதும்போது எச்சில் ஈரம் பட்டுப் பட்டு பின்கள் கறுத்துவிட்டன. தெற்குவாசல் மொபைல் சர்வீஸ் தம்பி ஐ.பி.ஏ. என்ற துடைக்கும் ஆல்கஹால் பாட்டிலோடு வந்து உட்கார்ந்து, முதலில் பென்சில் ரப்பர், பிறகு காது குடையும் பட்ஸில் ஐ.பி.ஏ. என்று ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தார். 9999 கேம் என்று லேபிள் ஒட்டியது உட்பட. அதில் இருப்பது பத்து இருபது கேம், மிச்சமெல்லாம் அதே கேம் வேறு பெயரில். அந்த ஏமாற்று இன்றைக்கும் பிள்ளைகளிடம் எடுபடுகிறது.

கேசட்டும் ஒருநாள் போகும் என்று முன்கூட்டியே யோசித்தவள் திருமங்கலத்திலிருந்து வந்த இன்ஜினியரிங் மாணவி. ரீடர் கருவி வைத்து ஒவ்வொன்றையும் கோப்பாக எடுத்துத் தந்தாள். சூப்பர் மரியோ மொத்தமும் 40 கிலோபைட்தான். வாட்ஸப்பில் வரும் காலை வணக்கப் படம் இதைவிடப் பெரிசு. யாரோ ஒருவரின் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த போக்கிமான் சில்வர் என்ற கேம்பாய் (கையடக்க கேம் பெட்டி) கேசட்டில் விளையாட்டைச் சேமித்து வைப்பது உள்ளே இருக்கும் பட்டன் செல். அந்தக் கேமுக்குள் கடிகாரமும் ஓடுவதால் செல் சீக்கிரம் தீரும். செல் தீர்ந்தால் சேமித்ததும் போச்சு. அதையும் உயிர் போவதற்கு முன்பே கணினியில் ஏற்றிவிட்டு, புதுச் செல் வைத்து, பழைய சேமிப்பைத் திரும்ப உள்ளே எழுதினாள். கேசட் சொந்தக்காரர் சின்ன வயதில் வளர்த்த போக்கிமான் அப்படியே இருந்தது. அவர் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

இதெல்லாம் செய்யலாமா என்று ஹைகோர்ட் கிளை வக்கீல் ஐயாவிடம் போனோம். சட்டப்படி நம்மிடம் இருக்கும் மென்பொருள் கெட்டுப்போகாமல் காக்க நகல் எடுத்து வைக்கலாம் என்று 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவைக் காட்டினார். "ஆனா உங்க கேசட்டே திருட்டு கேசட்டு. கோப்பை யாருக்கும் கொடுத்துடாதீங்க" என்று சேர்த்துக்கொண்டார். கடையில் வாங்கிக்கொள்ளக் கூடாதா என்றும் கேட்டார். அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் சொன்னதை மாணவி எடுத்துக் காட்டினாள். ஐயா கட்டணம் வாங்கவில்லை, மகனை மட்டும் இரண்டு நாள் அனுப்பிவைத்தார்.

ஆரப்பாளையத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அண்ணாச்சி, பழைய கம்ப்யூட்டரும் ஒரு கட்டு கேம் சிடியும் கொடுத்தார். அதில் ஒரு வேடிக்கை. நகல் எடுக்க முடியாதபடி சேஃப்டிஸ்க் பூட்டு போட்ட ஒரிஜினல் சிடிகள் விண்டோஸ் 10இல் ஓடவில்லை. அந்தப் பூட்டுக்கான டிரைவர் மென்பொருளை மைக்ரோசாப்ட் எடுத்துவிட்டது. பூட்டை உடைத்த திருட்டு சிடி ஓடுகிறது. காசு கொடுத்து வாங்கியவன்தான் ஏமாளி.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து கேம்களை இன்றைய 64 பிட் விண்டோஸ் ஏறெடுத்தும் பார்க்காது. அதற்கு, பழைய கம்ப்யூட்டர் போல நடித்து அவற்றை ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் 2002 முதல் இருக்கிறது. அதேபோல, காசு போட்டு ஆடும் ஆர்கேட் கேமுக்கு இத்தாலிக்காரர் நிகோலா சல்மோரியா 1997இல் தொடங்கிய மேம், 2020 கடைசியோடு நின்றுபோன, பிரவுசரில் ஆடிய ஃப்ளாஷ் கேமுக்கு ரஃபிள். இவற்றைச் சம்பளம் இல்லாமல் எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு வில்லாபுரம் என்றால் எங்கே என்று தெரியாது. தமிழிலேயே சொல்லிவைக்கிறேன்: நன்றி.

பெட்டிகளைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் காட்சிக்கு வையுங்கள் என்று ஒருவர் அறிவுரை சொன்னார். அவருக்கும் நன்றி, ஆனால் செய்யப்போவதில்லை. பட்டன் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

மோர் கரைத்துக் கரைத்துக் கை ஓய்ந்த அம்மாவுக்கும், கரண்ட் பில்லைப் பார்த்தும் வாய் திறக்காத மதினிக்கும் நன்றி. அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து, இலவசம் என்று எத்தனை முறை சொன்னாலும் அரை மணிக்கு ஒருதரம் "டைம் முடிஞ்சது, அடுத்த ஆளு!" என்று கத்திக்கொண்டே இருந்தார். அவருக்குத் தனியாக வீட்டிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாவது துப்பாக்கியின் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. அக்கா கொடுத்த டிவியில் படம் ஓரத்தில் மடங்குகிறது. பிக்சர் டியூபில் ஆஃப் செய்த பிறகும் கரண்ட் நிற்கும் என்பதால் அண்ணன் வராமல் யாரும் பின்மூடியைக் கழற்ற வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்றிருக்கிறார். டிவியை மாடியிலிருந்து இறக்க இரண்டு பேர் வந்தால் நல்லது.

அன்புடன்,
கேம் கடைக்காரர் மகன்,
வில்லாபுரம், மதுரை