தூக்குவாளியும் ஸ்தோத்திரமும்: கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு

23.12.2024

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். அவசியமான விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இந்தத் தாள் டிபன் பாக்ஸுக்கு அடியில் மடங்கிக் கிடந்து ஜனவரியில்தான் உங்கள் கைக்கு வரும்.

அரையாண்டுத் தேர்வு இன்றோடு முடிகிறது. நாளை முதல் விடுமுறை. ஜனவரி 2, வியாழக்கிழமை பள்ளி திறக்கும். திருத்திய விடைத்தாள்கள் அதற்குப் பிறகுதான் கிடைக்கும். அதனால் மதிப்பெண்ணைச் சொல்லிப் பண்டிகை நாளில் பிள்ளைகளைத் திட்ட உங்களுக்கு வழியில்லை. இந்த மாத மழைக்குப் பிறகு ஆற்றில் இழுப்பு எப்படி என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பெரியவர்கள் துணையில்லாமல் குளிக்க அனுப்பாதீர்கள். எட்டாம் வகுப்புப் பையன்கள் கையில் பைக் சாவி வேண்டாம். வீட்டுப்பாடம் எதுவும் கொடுக்கவில்லை. ஒன்றே ஒன்று உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, இனி நான் சொல்ல நினைத்தது.

கடந்த ஜூலை 15 அன்று, காமராஜர் பிறந்தநாளில், கிராமப்புற அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் வந்தது. நம் பள்ளியிலும் அன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் காலையில் பந்தி போட்டுச் சாப்பிடுகிறார்கள். மிஷன் பள்ளி அல்லவா, சாப்பாட்டுக்கு முன் ஜெபம் உண்டு. கண்ணை மூடி, கையைக் கட்டி, ஒரே ராகத்தில், "இந்த உணவைத் தந்த ஆண்டவரே, உமக்கு நன்றி" என்று சொல்வார்கள். ஒரு புதன்கிழமை நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே பொங்கல் அண்டாவோடு சமையல் அக்கா நிற்கிறார். விடியுமுன் எழுந்து வந்தவர். அவருக்கும் வீட்டில் பள்ளிக்குக் கிளப்ப வேண்டிய பிள்ளைகள் உண்டு. ஜெபம் முடிந்ததும் நூற்றுச் சொச்சம் கண்களும் திறந்தன. திறந்த கண்கள் அத்தனையும் நேராகத் தட்டுக்குப் போயின. ஒரு பிள்ளைகூட அக்கா முகத்தைப் பார்க்கவில்லை.

பிள்ளைகள் மேல் குற்றமில்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர்கள் செய்தார்கள். கண்ணை மூடத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

மறுநாளிலிருந்து ஒரு சின்ன மாற்றம் செய்தோம். ஆமென் சொன்ன பிறகு அக்காவைப் பார்த்து, "அக்கா, சாப்பிடப் போறோம்" என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாள் அவர் வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார். மூன்றாம் நாள், "சாப்பிடுங்க ராசாக்களா, மிச்சம் வைக்கக் கூடாது" என்று பதில் வந்தது. இப்போது ஒருவேளை பிள்ளைகள் மறந்தால் கரண்டி அண்டாவை விட்டு எழும்புவதில்லை.

இதை எழுதும்போது எனக்கே ஒரு கேள்வி வருகிறது. நம் வீடுகளில் யார் யாருக்கு நன்றி சொல்கிறோம்? அம்மா சோறு போட்டால் நன்றி என்று சொன்னோமா? சொன்னால் "என்னல, புதுசா?" என்றுதான் கேட்பார்கள். அந்தச் சொல் நம் வாயில் கொஞ்சம் அந்நியம்தான். மேடைக்கும் கடிதத்துக்கும் என்று வைத்திருக்கிறோம். ஆனால் நம்மிடம் வேறு ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் குழம்பு வந்தால் அந்தக் கிண்ணம் வெறுமையாகத் திரும்பிப் போகாது. ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். தீபாவளிக்கு வந்த தட்டு கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்தும் முறுக்குமாகத் திரும்பிப் போகும். அதே தட்டு ரம்ஜானுக்கு வேறொரு வீட்டுக்குப் பயணப்படும். நன்றி என்ற சொல்லைப் பாத்திரத்தில் போட்டுத்தான் நம் ஆட்கள் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அப்படி ஒரு பாத்திரம் ஓராண்டாக என் வீட்டு அடுக்களையில் இருக்கிறது.

போன ஆண்டு டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும்போதே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த மழையில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது என்பதெல்லாம் பிறகு பேப்பரில் படித்ததுதான். அன்று எங்களுக்குத் தெரிந்தது, இரவு கரண்ட் போனது, போன் செத்தது, விடியும்போது கட்டில் காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவே. எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினோம். ஏழு குடும்பம், ஒரு தார்ப்பாய், ஒரு ஸ்டவ். முதல் நாள் இருந்ததைப் பொங்கினோம். இரண்டாம் நாள் சிறுபிள்ளைகளுக்கு மட்டும் பிஸ்கட்.

அன்று மாலை ஒரு பையன் நெஞ்சளவு தண்ணீரில் நடந்து வந்தான். தலையில் ஒரு தூக்குவாளி. படியில் பாதி ஏறி நின்று நீட்டினான். எலுமிச்சைச் சாதம், ஓரமாக வாழையிலையில் மடித்த துவையல். "சாப்பிடுங்க டீச்சர், வாளிய அப்புறம் வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டான். டீச்சர் என்று கூப்பிட்டான். ஆகவே என்னிடம் படித்தவனாக இருக்கலாம், அல்லது நம் பிள்ளைகள் யாருடைய அண்ணனாகவோ இருக்கலாம். முகம் சரியாகத் தெரியவில்லை. பெயர் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. பசி அப்படி.

அவன் வாளியை வாங்க வரவே இல்லை.

அந்த வாரத்தில் பல விதமான சாட்சிகளை, அதாவது ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை மற்றவர்களுக்குச் சொல்லும் பேச்சுகளை, கேட்டேன். எனக்கு மனது ஒப்பாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "எங்க தெருவுக்கு மட்டும் தண்ணி வரல, ஸ்தோத்திரம்" என்று ஒருவர் சொன்னார். நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார். ஆனால் அடுத்த தெருவில் தொழுவத்தோடு மாடு போன வீட்டுக்காரரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். தப்பித்ததற்கு நன்றி சொல்வது சரி. தப்பித்ததோடு அது முடிந்துவிட்டால், அடுத்த தெருக்காரனை ஆண்டவர் மறந்துவிட்டார் என்று சொன்னதாகிவிடாதா?

அதே நாட்களில்தான் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தானாக நிற்கவில்லை. நிலைய மேலாளர் ஜாபர் அலி நிறுத்தினார். அப்பால் செய்துங்கநல்லூர் போகும் வழியில் வெள்ளம் ஜல்லியை அரித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் தண்ணீர். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்து ரயிலில் சிக்கியவர்களுக்குக் கொடுத்தார்கள், சமையல் நடந்தது அம்மன் கோவிலில். அந்த ரயிலில் எத்தனை விதமான ஜெபங்கள் போயிருக்கும்! பதில் வந்த வழியைப் பாருங்கள்: பச்சைக் கொடி காட்டாத ஒரு கை, கோவில் அடுப்பு, ஊர் ஜனங்கள். இதைக் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொன்னபோது ஒருத்தி கேட்டாள்: "அந்த ரயில்ல போனவங்க எல்லாரும் திரும்பி வந்து தேங்க்ஸ் சொன்னாங்களா மிஸ்?" எல்லாரும் வந்திருக்க முடியாது, ஊருக்குப் போய்ச் சேர்ந்தாலே போதும் என்று இருந்திருப்பார்கள் என்றேன்.

அவள் கேட்டதைத்தான் இயேசுவும் கேட்டிருக்கிறார். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் பத்துக் குஷ்டரோகிகளின் சம்பவம் வருகிறது. பத்துப் பேரும் குணமானார்கள், ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். "சுத்தமானவர்கள் பத்துப்பேர் அல்லவா, மற்ற ஒன்பதுபேர் எங்கே?" ஞாயிறு பள்ளியில் இந்த ஒன்பது பேரையும் நன்றிகெட்டவர்கள் என்று திட்டித்தான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். வயதான பிறகு எனக்கு அவர்கள் மேல் இரக்கம் வருகிறது. எத்தனை காலம் ஊருக்கு வெளியே நின்றவர்கள்! பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்க ஓடியிருப்பார்கள். போய் ஆசாரியரிடம், அதாவது கோவில் குருவிடம், உங்களைக் காட்டுங்கள் என்று சொன்னவரும் அவர்தான். சொன்னபடிதானே போனார்கள்? அவர்கள் தப்புச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் இயேசு தலையை எண்ணியிருக்கிறார், பாருங்கள். தினமும் வருகைப்பதிவேடு எடுக்கிற எங்களுக்கு அந்தக் கேள்வியின் தொனி நன்றாகப் புரியும். அடிக்கப் பிரம்பு தேடுகிறவர் கேட்கும் கேள்வி அல்ல அது. பெஞ்சு காலியாக இருப்பதைப் பார்த்தவர் கேட்பது. திரும்பி வந்த அந்த ஒருவன் சமாரியன், வேற்று ஜாதி என்று யூதர்கள் ஒதுக்கிய ஆள். இதையும் லூக்கா விடாமல் எழுதி வைத்திருக்கிறார்.

போன கிறிஸ்துமஸ் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். சர்ச் தரையில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. புதுத் துணி யாருக்கும் இல்லை. வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸ் போகவில்லை. சபைப் போதகரான ஐயர் பிரசங்கத்துக்குப் பழைய ஏற்பாட்டின் ஆபகூக் தீர்க்கதரிசியை எடுத்தார்: அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும். அதுவரை எனக்கு அது மனப்பாட வசனம்தான். ஒன்பதாம் வயதில் ஒப்பித்து ஒரு பென்சில் பெட்டி பரிசு வாங்கினேன். அன்று அவர் வாசிக்க வாசிக்க, பக்கத்து வரிசையில் இருந்த வாழை விவசாயி ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அத்தியும் திராட்சையும் ஒலிவமும் நம் ஊரில் வாழையும் நெல்லும் ஆடும்தானே. கணக்கு அப்படியே பொருந்தியது. அந்த வசனம் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கேயும் சொல்லவில்லை. இத்தனையும் போனாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று முடிகிறது. "ஆனாலும்" என்று மட்டும் சொல்கிறது. அன்று என்னால் அந்த "ஆனாலும்" வரைக்கும் போக முடியவில்லை என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பாட்டுப் பாட வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த அந்த வாளியைப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது. அழுது முடித்த பிறகு ஸ்தோத்திரம் என்று ஒரு சொல் தானாக வந்தது.

விசுவாசம் என்று பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, எனக்கு அது அந்த அளவுக்குத்தான் பிடிபட்டது.

முன்னணை பற்றி ஒரு விஷயம், சிரிப்பதற்காக. இயேசு பிறப்பு நாடக ஒத்திகையில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் கை தூக்கினான். "பிள்ளைய முன்னணையிலே கிடத்தினாள்னு இருக்கே மிஸ், அது எந்த அணை? பாபநாசமா, மணிமுத்தாறா?" ஆற்றங்கரைப் பிள்ளைக்கு வேறு என்ன தோன்றும்? மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டி என்று விளக்கினேன். அவன் விடவில்லை. "அப்போ அன்னைக்கு மாடு எதுல தின்னுச்சு?" இதுவரை எந்தப் பிரசங்கியாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. தன் தொட்டியை விட்டுக்கொடுத்த மாட்டுக்கு இந்த ஆண்டு நம் நாடகத்தில் ஒரு வசனம் சேர்த்திருக்கிறோம். மாடாக நடித்தவன் அவனேதான்.

இப்போது அந்த ஒரு வீட்டுப்பாடம். இந்த விடுமுறையில் உங்கள் பிள்ளை ஒரே ஒருவரை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தனக்கு ஏதோ ஒன்று செய்தவராக இருக்க வேண்டும், சொந்தக்காரராக இருக்கக் கூடாது. மினி பஸ் கண்டக்டர், தெரு கூட்டும் அம்மா, வெள்ளத்தில் நனைந்த புத்தகங்களை மாடியில் காயவைத்துக் கொடுத்த கடைக்காரர், யாராகவும் இருக்கலாம். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாது, இரண்டு முறுக்கு போதும். திரும்பி வந்து நோட்டில் ஒரே வரி: யாரை, எதற்காக. கையெழுத்துப் போட நீங்கள் கூடவே போக வேண்டியிருக்கும். அதுவும் நான் யோசித்து வைத்ததுதான். கோவிலுக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் பொதுவான பாடம் இது. இதற்கு மதிப்பெண் கிடையாது.

31ஆம் தேதி இரவு, புத்தாண்டை வரவேற்கும் வாட்ச் நைட் ஆராதனைக்கு வருகிறவர்களுக்கு: குளிர்காற்று அடிக்கிறது, சிறுபிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் போட்டு அழைத்து வாருங்கள். புத்தாண்டுக்கான வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கத் தள்ளுமுள்ளு வேண்டாம், எல்லாருக்கும் இருக்கிறது.

கடைசியாக என் சொந்த வேண்டுகோள் ஒன்று. அந்தத் தூக்குவாளி எவர்சில்வர், இரண்டு படி பிடிக்கும். மூடியில் ஒரு சின்ன நசுங்கல். அடியில் புள்ளி வைத்து 'பு.ஆ.' என்றும் 1998 என்றும் வெட்டியிருக்கிறது. ஏதோ கல்யாணச் சீராக இருக்க வேண்டும். ஓராண்டாக விசாரித்துவிட்டேன், கிடைக்கவில்லை. உங்கள் வீட்டு வாளியாக இருந்தால், அல்லது யாருடையது என்று தெரிந்தால், பள்ளி அலுவலகத்தில் சொல்லுங்கள். நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். நாளை காலை முந்திரிக்கொத்து சுடுகிறோம்.

உங்கள் எல்லாருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியை