பன்னிரண்டு வருடம் பிடித்த கையெழுத்து

அன்புள்ள நடராஜா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பாலிடெக்னிக்கில் சேர்ந்ததில் எனக்கும் ரொம்ப சந்தோஷம். எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மறுபடி ராத்திரியில் படிக்க முடிகிறது. அப்படிப் படித்ததில் ஒரு மனிதர் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறார். உங்கள் சங்கத்தில் சந்தா கட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், கலைத்துவிடலாம் என்று சிலர் பேசுகிறார்கள் என எழுதியிருந்தாயே, அதனால் உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

ஏ. பிலிப் ராண்டால்ஃப். 1889-இல் ஃபுளோரிடாவில் பிறந்த கறுப்பினத்தவர், பாதிரியார் மகன். கறுப்பினத்தவரின் உரிமைக்காக நடந்த 1963 வாஷிங்டன் பேரணி என்றால் நமக்கு மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சுதான் ஞாபகம் வரும். அந்தப் பேரணிக்குத் தலைமை தாங்கியவர் இவர், 74 வயதில். ஆனால் எனக்கு அந்த நாளைவிட, அதற்கு முப்பது வருடம் முந்தைய காலம்தான் பெரிதாகப் படுகிறது.

அமெரிக்க ரயில்களில் புல்மன் கம்பெனியின் படுக்கைப் பெட்டிகள் ஓடின. அதில் போர்ட்டர் வேலை பெரும்பாலும் கறுப்பினத்தவருக்கு. படுக்கை விரிக்க வேண்டும், பெட்டி தூக்க வேண்டும், பயணிகள் தூங்கும்போது அவர்களுடைய ஷூவுக்குப் பாலிஷ் போட வேண்டும். பாலிஷ் டப்பாவும் சொந்தக் காசு. மாதத்துக்கு 400 மணி நேரம் அல்லது 11,000 மைல் உழைத்தால்தான் முழுச் சம்பளம். டிப்ஸ் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. பயணிகள் எல்லாப் போர்ட்டர்களையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். அது முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேலைக்கு ஏறியதும் போய்விடும். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

1925-இல் ஆஷ்லி டாட்டன் என்ற போர்ட்டரும் மற்றவர்களும் ராண்டால்ஃபைத் தேடி வந்தார்கள். அவர் போர்ட்டர் இல்லை, பத்திரிகை நடத்தியவர். அதுதான் வசதி, கம்பெனியால் அவரை வேலையை விட்டுத் தூக்க முடியாது. ஆகஸ்ட் 25 அன்று நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் போர்ட்டர்களின் சங்கம் பிறந்தது. கம்பெனி உளவாளிகளை வைத்தது, சங்கத்தில் சேர்ந்தவர்களை வெளியே அனுப்பியது. டாட்டனுக்கும் வேலை போனது.

1928-இல் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். அரசின் மத்தியஸ்த வாரியம் தலையிட மறுத்தது. ஆட்களை மாற்றிவிடுவோம் என்று கம்பெனி தயாராக நின்றது. கடைசி நேரத்தில் ராண்டால்ஃப் வேலைநிறுத்தத்தைக் கைவிட்டார். அதோடு உறுப்பினர்கள் கொத்துக்கொத்தாக விலகினார்கள். பொருளாதார மந்தமும் வந்தது. ஆயிரக்கணக்கில் இருந்த உறுப்பினர்கள் 1933 வாக்கில் சில நூறாகிவிட்டார்கள். வாடகை கட்ட வழியில்லை.

லூசில் கிரீன் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். ராண்டால்ஃபின் மனைவி. ஹார்லெமில் அழகு நிலையம் நடத்தினார். பத்திரிகைக்கும் வீட்டுக்கும் கைகொடுத்தது அந்தச் சம்பாத்தியம்தான். தலைவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட பெண்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், எனக்குக் கோபமாக வருகிறது. வாஷிங்டன் பேரணிக்குச் சில மாதங்கள் முன்பு அவர் காலமானார்.

அந்தச் சில நூறு பேர் கலைக்கவில்லை. 1934-இல், தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்க வழிசெய்யும் ரயில்வே தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டு, படுக்கைப் பெட்டிக் கம்பெனியும் அதன் கீழ் வந்தது. அடுத்த வருடம் யார் பிரதிநிதி என்று வாக்கெடுப்பு நடந்தபோது, போட்டியிட ஒரு சங்கம் உயிரோடு இருந்தது. பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. 1937 ஆகஸ்ட் 25, தொடங்கிய அதே தேதி, கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. வேலை நேரம் மாதம் 240 மணியாகக் குறைந்தது.

பின்னால் 1955-இல் மாண்ட்கமரி நகரில், பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸை ஜாமீனில் எடுக்கப் போன ஈ.டி. நிக்சனும் இந்தச் சங்கத்துக்காரர்தான். அந்தச் சில நூறு பேரில் யாருக்கு இது தெரிந்திருக்கும், சொல்.

கலைக்கிற தீர்மானம் வந்தால் நீ கை தூக்காதே. உன் பங்குச் சந்தாவை விடாமல் கட்டு. பொதுக்குழு தேதியை எழுது, நான் ரயிலேறி வந்துவிடுகிறேன். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்