தோலுறையும் தேங்காயெண்ணெயும் கத்திக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் பேனாக்கத்தி சேகரிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். தபால்தலை, பழைய நாணயம் என்றே சுற்றிவரும் பக்கத்தில் மடக்குக்கத்திக்கும் இடம் கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் பராமரிப்புக்கென்று அதில் சொன்ன மூன்று யோசனைகளும் ஒரு நல்ல கத்தியை ஒரே மழைக்காலத்தில் கெடுத்துவிடும். தோலுறையில் போட்டு வைக்கச் சொல்கிறது; தேங்காயெண்ணெய் தடவச் சொல்கிறது; அலகு கறுத்தால் உப்புத்தாளால் தேய்க்கச் சொல்கிறது. வெளிநாட்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டுப் பார்சலை எதிர்பார்த்திருக்கும் புதியவர்கள் இதை நம்பிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறோம்.

முதலில் தோலுறை. பதனிட்ட தோலில் அமிலமும் உப்பும் கொஞ்சம் மிச்சமிருக்கும். கடலோர ஊர்க் காற்றின் ஈரத்தையும் அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட தோல் இரவும் பகலும் எஃகோடு ஒட்டிக் கிடந்தால் துரு வராமல் என்ன செய்யும்? கைப்பிடிக்கு உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகளிலும் களிம்பு ஏறும். வெளியே எடுத்துப் போகத்தான் உறை. வீட்டுக்கு வந்ததும் கத்தியை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

எண்ணெய் விஷயமும் அப்படித்தான். தேங்காயெண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். அதிலுள்ள கொழுப்பு அமிலம் பித்தளையைப் பிடித்துப் பச்சையாக்கும். நல்லெண்ணெய் இன்னும் மோசம், பிசின்போல இறுகி, அலகு திரும்பும் மூட்டையே அசையவிடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் போதும். பழம் நறுக்கும் கத்தியானாலும் பயமில்லாமல் தடவலாம். மூட்டுக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய், ஒரே ஒரு சொட்டு. அதிகம் விட்டால் தூசிதான் சேரும்.

உப்புத்தாள் யோசனையைப் படித்தபோதுதான் உண்மையிலேயே வயிறு எரிந்தது. கார்பன் எஃகு அலகில் மாங்காயோ எலுமிச்சையோ நறுக்கினால் சில நிமிடத்தில் சாம்பல் நிறமோ நீலமோ படரும். அது துரு இல்லை. துருவைத் தள்ளி நிறுத்தும் படலம். அதை விட்டுவைக்க வேண்டும். எடுக்க வேண்டியது செந்துருவை மட்டும். அதற்கும் உப்புத்தாள் தேவையில்லை. பாரஃபின் தடவி ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் செப்புக்காசின் விளிம்பால் மெல்லச் சுரண்டினால் போதும். செம்பு மிருதுவானது, கடினப்படுத்திய எஃகைக் கீறாது.

தேய்க்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூட்டை ஒட்டி அலகின் அடியில் இருக்கும் முத்திரைதான் கத்தியின் பிறப்புச் சான்றிதழ். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் தயாராகும் கேஸ் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1970இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் வைத்தார்கள். பிறகு ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். 1980இல் மறுபடி பத்துப் புள்ளி, இந்த முறை பெயரில் உள்ள எஸ் எழுத்து மின்னல்போல் வளைந்திருக்கும். ஆக, ஆறு புள்ளி இருந்தால் 1974. அதே ஆறு புள்ளியோடு மின்னல் எஸ்ஸும் இருந்தால் 1984. மாதிரி எண்ணும் பேசும். 6318 என்றால் 6 எலும்புக் கைப்பிடி, 3 மூன்று அலகு, 18 அந்த வடிவத்தின் எண். பின்னால் எஸ்எஸ் என்று இருந்தால் துருப்பிடிக்காத எஃகு. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரின் ஜோசஃப் ராஜர்ஸ் கத்தியில் நட்சத்திரமும் மால்ட்டா சிலுவையும் இருக்கும். கிரீடத்துக்கு இருபுறமும் வி, ஆர் எழுத்துகள் விக்டோரியா ராணி காலத்தைக் காட்டும். உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்தால் இத்தனையும் போச்சு. மிஞ்சுவது பளபளவென்ற, வயது தெரியாத ஓர் இரும்புத்துண்டு.

கட்டுரையோடு வந்த படத்தில் எல்லாக் கத்திகளையும் விசிறிபோலப் பாதி திறந்து வைத்திருந்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் பூட்டு இல்லாத மடக்குக்கத்தியில் அலகைப் பிடித்து நிறுத்துவது கைப்பிடியின் முதுகில் இருக்கும் வில், அதாவது ஸ்பிரிங், ஒன்றுதான். பாதி திறந்த நிலையில் பெரும்பாலும் வில் தூக்கப்பட்டு இழுப்பில் நிற்கும். படமெடுக்கும் நேரத்துக்குச் சரி. கண்ணாடிப் பெட்டியில் மாதக்கணக்கில் அப்படி வைக்கக் கூடாது. மூடியே வையுங்கள்.

பார்சல் வந்த அன்று செய்ய வேண்டியது பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பார்த்துவிட வேண்டியவை இவை. கத்தியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சேர்ப்பு சரியில்லை. திறந்த அலகை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. திறக்கும்போதும் மூடும்போதும் கடைசியில் "டக்" என்று விழ வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் வில்லில் வலு இல்லை. அப்புறம் இந்த நாளிதழின் ஓரத்திலிருந்தே ஒரு மெல்லிய கீற்றைக் கிழித்து, கைப்பிடியின் பள்ளத்துக்குள் வில்லின் மேல் வைத்து, அலகை மெதுவாக மூடித் திறங்கள். தாள் வெட்டுப்பட்டிருந்தால் கூர் வில்லில் இடிக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறை மூடும்போதும் அதே இடம் மழுங்கிக்கொண்டே வரும். அதை நீங்களே அரம் போட்டுச் சரிசெய்யப் போகாதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பத்துப் பதினைந்து முறை திறந்து மூடுங்கள். கறுப்பாகக் கசிவது மெருகேற்றப் போட்ட மாவும் இரும்புத்தூளும். சுத்தமான எண்ணெய் வரும்வரை துடைத்துத் துடைத்துச் செய்ய வேண்டும். எலும்பு, மரக் கைப்பிடிகளை வெந்நீரில் போடவே கூடாது, வெடிக்கும்.

பிரான்சின் சவ்வாப் பகுதியில் 1890இல் பிறந்த ஒப்பினெல் கத்தி ஒரு தனிப் பிறவி. அதில் முதுகு வில்லே கிடையாது. மர இறுக்கம்தான் அலகைப் பிடிக்கிறது. 1955இல் சேர்த்த திருகு வளையம் பூட்டுகிறது. நம் ஊர் ஐப்பசி மழைக்கு அந்த மரம் ஊதி, அலகு வெளியே வர மறுக்கும். நகம் உடைய இழுக்காதீர்கள். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, கைப்பிடியின் அடிக்குண்டை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகு எட்டிப் பார்க்கும். சவ்வாக்காரர்கள் செய்வதும் அதுவேதான். அலகில் கார்போன் என்றிருந்தால் துருப்பிடிக்கும், இனாக்ஸ் என்றிருந்தால் கவலை குறைவு.

கூர் போனால் 1000 எண் தண்ணீர்க்கல்லில் ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வில் தீட்டுங்கள். மின்சாரச் சாணைக்கல் வேண்டாம். அதில் பிடிக்கும்போது கூரில் நீலம் படர்ந்தால் சூடு ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று பொருள். பதம் போன அந்த இடம் மறுபடி கூரை நிறுத்தாது.

வாங்கும் முன் சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஆயுத விதிகளில் வருவது ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி. வீட்டு, விவசாய உபயோகத்துக்கென்று செய்ததற்கு விலக்கு உண்டு. மூன்று அங்குலப் பேனாக்கத்திக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பட்டனைத் தட்டினால் பாயும் கத்தி வேறு சங்கதி, அந்தப் பக்கமே போகாதீர்கள். சுங்கத்தில் சந்தேகம் வராமல் இருக்க, கையால் திறக்கும் மடக்குக்கத்தி என்றும் அலகு இத்தனை சென்டிமீட்டர் என்றும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பரிசு என்று போட்டால் வரி இல்லை என்பது 2019 டிசம்பரோடு முடிந்த கதை. இப்போது அந்தச் சலுகை ராக்கிக் கயிறுக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும்தான். யானைத்தந்தக் கைப்பிடி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். வனவிலங்குச் சட்டம் வீட்டு வாசலுக்கே வரும்.

காத்திருக்கும் நாட்களில், டிராக்கிங் எண்ணை மணிக்கொருதரம் தட்டிப் பார்ப்பதற்குப் பதில், இறுக மூடும் ஒரு டப்பாவும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் வாங்கி வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் 100 முதல் 120 டிகிரியில் இரண்டு மணிநேரம் சூடாக்கித் திரும்பப் போடலாம். வருவது பழைய செல்லுலாய்டு (அந்தக் காலப் பிளாஸ்டிக்) கைப்பிடிக் கத்தியானால் அதற்குத் தனி டப்பா, அதுவும் அவ்வப்போது திறந்து காற்றாட விட வேண்டும். செல்லுலாய்டு சிதையத் தொடங்கினால் வெளிவிடும் ஆவி ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகும். பக்கத்தில் இருக்கும் நல்ல கத்திகளையும் அரிக்கும். கைப்பிடியில் மெல்லிய வெடிப்பு, மூக்கில் ஏறும் வாடை, தகட்டில் திடீர்ப் பச்சை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மடக்குக்கத்தி சேகரிக்கும் வாசகர்கள் சிலர்,
நாகப்பட்டினம்.